காணாமல் போன கோழிக்கால்

லூடியா அக்கா வீட்டு முன்வாசல் வழியாக வருகிறவர்கள் இரண்டே ரகம். எருமை காணாமல் போனவர்கள், புருஷன் காணாமல் போனவர்கள். பின்வாசல் வழியாக, அதுவும் பன்றிக் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு வந்த முதல் ஆள் அகுஸ்தினாதான்.

"யாரும் பார்க்கலையே?" என்று கேட்டாள். தோளில் கிடந்த சாரோங் துணி முகத்தைப் பாதி மறைத்திருந்தது.

"பன்னி பார்த்துச்சு. நல்லவேளை, அது வாட்ஸ்அப் குரூப்ல இல்லை," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அக்கா என் பக்கம் மெல்லத் திரும்பினாள். நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

நான் ஒபேது. மலைமேல் இருக்கிற ரந்தேபாவ் ஊர்ச் சந்தையில் மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைக்கிறவன். அக்கா கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டையர் ஆனவள். அடுத்தவர் பொய்யைக் கேட்டுக் கேட்டுக் காது பழுத்தவள். இப்போது துப்பு வேலை பார்க்கிறாள். நான் வண்டி ஓட்டுகிறேன், வேண்டாத இடத்தில் வாயையும் ஓட்டுகிறேன்.

அகுஸ்தினாவின் சங்கதி ஊருக்கே தெரியும். அவள் மகள் டாமரிஸ் வேதத்தையே மாற்றிவிட்டாள் என்று மலை முழுக்கப் பேச்சு. இருந்தாலும் அக்கா காபியை ஊற்றி வைத்து, "எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வச்சுக்கோ. முதல்லேர்ந்து சொல்லு," என்றாள்.

அழுகையை நீக்கிவிட்டு அவள் சொன்னதைத் தருகிறேன். எங்கள் பாஷையில் இருக்கிற பழைய வேதாகமத்தைத் திருத்த ஒரு குழு போட்டிருக்கிறார்கள். அதில் ராஜநடை நடக்கிற நாலு பேரைப் பற்றி ஓர் இடம் வருகிறது. சிங்கம், ஆட்டுக்கடா, ராஜா. இவர்கள் மூவரில் தகராறு இல்லை. நாலாவது ஆளுக்கு எபிரெயத்தில் 'சர்சீர்' என்று பெயர். இடுப்பை இறுக்கிக் கட்டியவன் என்கிற மாதிரி கூடவே ஓர் அடைமொழி. வேதம் முழுக்கத் தேடினாலும் அந்தச் சொல் வேறெங்கும் கிடையாது. அதனால் ஆளுக்கொரு பிராணியைக் கொண்டுவந்து கட்டிவிட்டார்கள். சில தேசத்தில் அது போர்க்குதிரை, சில தேசத்தில் வேட்டைநாய், சில தேசத்தில் சேவல்.

எங்கள் குழுவின் தலைவர் போதகர் சகேயு பசாப்பான் சேவல் கட்சி. வேதத்தில் வருகிற சகேயு குள்ளன். எங்கள் சகேயு ஐயா எந்த வீட்டு நிலைப்படியிலும் குனிந்துதான் நுழைவார். போதகர் பிலேமோன் லெம்பாங் வேட்டைநாய்க் கட்சி. இந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசுவதையே விட்டுவிட்டார்கள். கடைசிக் கூட்டத்தில் கை தூக்கச் சொன்னார்கள். சேவல் ஜெயித்தது. பிலேமோன் ஐயா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

மக்காசர் பட்டணத்து அச்சகத்திலிருந்து மாதிரிப் பிரதி வந்தது. பிரித்துப் பார்த்தால், சேவல் இருக்க வேண்டிய இடத்தில் வேட்டைநாய் நிற்கிறது!

கடைசிப் பிரதியைக் கம்ப்யூட்டரில் அடித்தவள் டாமரிஸ். அவள் பிலேமோன் ஐயாவின் சபைப் பெண். ஊருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

"ஞாயித்துக்கிழமை பெரிய சர்ச்சுல, எல்லார் முன்னாலயும் நிறுத்தப் போறாங்க அக்கா," என்றாள் அகுஸ்தினா. "அடுத்தவன் பொண்டாட்டியை இழுத்துட்டுப் போனவனை, சேவல் சண்டை விட்டவனை எல்லாம் நிறுத்துவாங்களே, அந்த இடத்துல. எம் பொண்ணை. அப்புறம் அவ எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இந்த ஊர்ல நடப்பா?"

அந்த இடம் எனக்குத் தெரியும். சேவல் சண்டைக்காக என் தாய்மாமனைச் சகேயு ஐயா அங்கேதான் நிறுத்தினார். மாமா அதற்கப்புறம் சர்ச் வாசலை மிதிக்கவே இல்லை. கல்யாண வீட்டில்கூடக் கடைசி வரிசையில் உட்கார்ந்து, சாப்பிட்டதும் எழுந்துவிடுவார்.

"டாமரிஸ் என்ன சொல்றா?"

"முன்னால வச்சதைத்தான் அடிச்சேங்கறா. யாருடி வச்சதுன்னா தரையைப் பார்க்கறா. அந்தத் தாளையும் காணோம்."

அக்கா காபியைத் தொடவே இல்லை. "அவ மேல பழி போட்ட அன்னிக்கு நானும் கூட்டத்துல இருந்தேன் அகுஸ்தினா. எல்லாத்தையும் கேட்டுட்டு, வாயில கொழுக்கட்டையை வச்ச மாதிரி எழுந்து வந்துட்டேன். நீ பின்வாசல் வழியா வந்தேன்னா அதுல எனக்கும் பங்கு இருக்கு."

அகுஸ்தினா வந்த வழியே போனாள். அக்கா என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "வண்டியை எடு."

•

"குற்றவாளி பிலேமோன் ஐயாதான்," என்றேன், மேடு ஏறும்போது. "நாய் ஜெயிச்சா யாருக்கு லாபம்? முதல்ல நாய்க்கு. அடுத்தது அவருக்கு."

"இதுக்குத்தான் உனக்குச் சம்பளம் குடுக்கறதில்லை."

பிலேமோன் ஐயா மனைவியை இழந்தவர், தனிக்கட்டை. எங்களைக் கண்டதும் ஏதோ கடன்காரனைக் கண்டது போல உள்ளே போகப் பார்த்தார். முற்றத்தில் மூங்கில் கூடைக்கடியில் செம்பட்டைக் கழுத்துச் சேவல் ஒன்று நின்றது. 'சேவலாவது ராஜாவாவது, குப்பையைக் கிளறுற ஜென்மம்' என்று குழுக் கூட்டத்தில் கத்தியவர் இவர். இவர் வீட்டுச் சேவலுக்கோ தனி வீடு, தனிச் சாப்பாடு.

நான் காபி போடும் சாக்கில் சமையலறைக்குள் போனேன். அடுப்புக்கு மேலே சோளக்கதிர், கருவாடு, அப்புறம் ஒரே ஒரு கோழிக்கால், புகை பிடித்துக் கறுத்துத் தொங்கியது. பின்னங்குதிகாலில் சண்டைக்குக் கத்தி கட்டிய தடம்கூடப் போகவில்லை.

வெளியே அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். "டாமரிஸ்கிட்ட அந்த வார்த்தையை மாத்தச் சொன்னீங்களா ஐயா?"

"அந்தப் பொண்ணுகிட்ட நான் ஒரு வார்த்தை பேசலை. ஆண்டவர் சத்தியமா."

"பின்ன யாரு மாத்தினது?"

கூடையை நகர்த்துகிற சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்த்தேன்.

"எப்படியோ உங்க நாய் உள்ள வந்துடுச்சு. சந்தோஷம்தானே?"

"அது நாயா இருந்தா எனக்கென்ன, நரியா இருந்தா எனக்கென்ன!" என்று வெடித்தார் ஐயா. "அந்தப் பேச்சை என் முன்னால எடுக்காதீங்க. போயிட்டு வாங்க."

ஜெயித்தவன் முகம் அப்படியா இருக்கும்? தோற்றவன்கூட அவரைவிடத் தெளிவாக இருப்பான்.

வண்டியில் ஏறினதும் பொரிந்து தள்ளினேன். "அக்கா, மனுஷன் கள்ளத்தனமா சேவல் விடறார்! அடுப்பு மேல கால் தொங்குது. தோத்த சேவலோட கால் ஜெயிச்சவனுக்குத்தானே. இன்னிக்கே இதைக் குரூப்ல போட்டா..."

"பந்தயத்துல கிடைச்ச காலை நீ என்ன பண்ணுவே?"

"சூப்பு வைப்பேன்."

"எல்லாரும் அதைத்தான் பண்ணுவாங்க. இவர் மாட்டி வச்சிருக்கார். எதுக்கு?"

எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்திருந்தது. "பழைய காலத்துல நிலத் தகராறு தீரலைன்னா ரெண்டு தரப்பும் சேவலை மோதவிடும். ஜெயிச்ச சேவல் சொல்றதுதான் தீர்ப்பு. தோத்த சேவலோட காலை அடுப்பு மேல மாட்டி வைக்கணும், நாளைக்கு யாரும் இல்லைன்னு சொல்லிடக் கூடாதுல்ல. அது பந்தயக் கால் இல்லை ஒபேது. தீர்ப்புக் கால்."

"வழக்கா? அவருக்கு நிலமில்லை, எருமையில்லை. ஊர்ல அவருக்கு இருக்கிற ஒரே வழக்கு..."

பிரேக் போட்டேன். பின்னால் வந்த பன்றி வண்டிக்காரன் என் வம்சத்தையே விசாரித்துவிட்டுப் போனான்.

"சகேயு ஐயாவா? எங்க மாமனை நிறுத்தின சகேயு ஐயாவா? போங்க அக்கா. அவர் கோழி முட்டையைக்கூட ஜெபம் பண்ணித்தான் உடைப்பார்."

"ஒரு கால் இங்க இருக்கு. மிச்சக் கோழி எந்த வீட்டுக்குப் போச்சு, அதை மட்டும் பார்ப்போம்," என்றாள் அக்கா. "அவரா இருக்கக் கூடாதுன்னு நானும் வேண்டிக்கிட்டுத்தான் வர்றேன்."

•

சகேயு ஐயாவின் மனைவி நவோமி அம்மாவின் வீட்டில் யாரும் சாப்பிடாமல் திரும்பியதாகச் சரித்திரமில்லை. ஐயா பின்பக்கம் காபிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தார். அம்மா சுட்ட மூங்கிலைப் பிளந்து, உள்ளே வெந்த கோழியை இலையில் தட்டினாள். வாசனைக்கே வழக்கை மறந்துவிடலாம்.

"ஒபேது, உனக்குக் கால்னா உசிராச்சே. ரெண்டையும் எடுத்துக்கோ."

"அப்ப ஐயாவுக்கு?"

"அவர் இப்பெல்லாம் கோழியே தொடறதில்லைடா. இந்தக் கோழிக்காவது ரெண்டு கால் இருக்கு. அன்னிக்கு ஒண்ணைக் கொண்டுவந்தார் பாரு, ஒத்தைக்கால். இன்னொண்ணு எங்கங்கன்னு கேட்டதுக்கு, கட்டிக்கிட்டு வந்ததுலேர்ந்து முதல் தடவையா என்மேல சத்தம் போட்டார். ஆக்கி வச்சேன், கிட்டகூட வரலை. கடைசியில நாய்க்குத்தான் போட்டேன்."

வேறொரு நாளாக இருந்தால் இந்தக் கடைசி வார்த்தைக்கு நான் தரையில் உருண்டு சிரித்திருப்பேன். கையில் எடுத்த கோழிக்காலை இலையில் திரும்ப வைத்தேன்.

"அது எப்ப அம்மா?" என்றாள் அக்கா, சோற்றைப் பிசைந்துகொண்டே.

"குழுக் கூட்டம் முடிஞ்ச மறுநாள். ஏன், கோழிக்குக்கூடக் கேஸ் எழுதறியா?" அம்மா சிரித்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள் சோற்றைத் தின்றுகொண்டே அவள் குடியைக் கெடுக்க வந்திருக்கிறோமே என்று இலையை மடித்தேன்.

பின்பக்கம் போனோம். ஐயா பாயில் பரப்பிய கொட்டையைப் பலகையால் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஐயா," என்றாள் அக்கா. "அந்தக் கால் இன்னும் பிலேமோன் ஐயா அடுப்பு மேலதான் இருக்கு."

பலகை நின்றது.

"அவன் அதைத் தூக்கி எறிஞ்சிருப்பான்னு நினைச்சேன்," என்றார் ஐயா.

அவ்வளவு உயரமான மனிதர் தூண்கள்மேல் நிற்கிற நெல் குதிருக்கடியில் குனிந்து போய், திண்ணைப் பலகையில் உட்கார்ந்தார். 

"பிலேமோன் கூட்டம் முடிஞ்சு திரும்பி வந்து நின்னான். 'கையைத் தூக்க வச்சு ஜெயிச்சே, அர்த்தத்துல ஜெயிக்கலை. நீ தலைவர்னு தூக்கினாங்க'ன்னான். சுருக்குன்னு குத்திடுச்சு, ஏன்னா அது நிஜம். எங்க அப்பன் காலத்துல இதை எப்படித் தீர்ப்பாங்க தெரியுமாடான்னு நான்தான் கேட்டேன். நான்தான் லூடியா. அவன் இல்லை. நம்ம வீட்டுச் சேவல் எத்தனை பேரை ஜெயிச்ச ரத்தம்னு ஒரு திமிர். மூங்கில் தோப்புக்குப் பின்னால, நாங்க ரெண்டு பேர் மட்டும். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள என் சேவல் கீழ கிடந்துச்சு."

"பிலேமோன் ஐயா ஜெயிச்ச கையோட போய் வார்த்தையை மாத்திட்டார்!" என்றேன் நான், கேஸே முடிந்த மாதிரி. "நான் அப்பவே சொன்னேன்ல."

"அவர் மாத்தலை ஒபேது," என்றாள் அக்கா. "நிலத் தகராறுன்னா எல்லைக்கல்லைப் பிடுங்கி நடறது யாரு? தோத்தவன். தன் கையாலயே செய்யணும். இல்லைன்னா தீர்ப்பை மதிக்கலைன்னு ஆயிடும்."

ஐயா தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "சேவலை அடிச்சிட்டு வேட்டைநாய்னு எழுதினது நான். டாமரிஸ் மேஜையில வச்சது நான். அச்சுக்குப் போனதும் தாளை அடுப்புல போட்டதும் நான்தான்."

அவளை விசாரித்த கூட்டத்துக்குத் தலைமை தாங்கியதும் அவர்தான். அன்று தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். 'வேதத்துக்கு வந்த அவமானத்தைத் தாங்க முடியாம ஐயா உடைஞ்சு போயிட்டார்' என்று ஊரே உச்சுக் கொட்டியது.

சேவலுக்காக மல்லுக்கட்டிய மனிதர் சேவலாலேயே தோற்று, தன் கையாலேயே நாய்க்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். பத்து ஜோக் அடிக்கலாம். எனக்கு ஒன்றுகூட வரவில்லை.

"முதல் நாளே சொல்லியிருக்கணும்," என்றார். "நாக்கு வரைக்கும் வந்துச்சு. ஆண்டவருடைய வார்த்தைக்கு அர்த்தம் தெரிஞ்சுக்க நாங்க சேவல் விட்டோம்னு எப்படிச் சொல்லுவேன்? எத்தனை பேரை இதே குத்தத்துக்கு நான் நிறுத்தியிருக்கேன். உன் மாமனை..." என்னை நிமிர்ந்து பார்த்தார், உடனே பார்வையை மாற்றிக்கொண்டார். "முதல் நாள் சொல்லலை. அடுத்த நாள் சொன்னா, ஏன் நேத்தே சொல்லலைன்னு கேப்பாங்க. அப்படியே ஊறிப் போச்சு."

எனக்குக் கோபம் பொங்கியிருக்க வேண்டும். மாமா கடைசி வரிசையிலிருந்து எழுந்து போகும் முதுகு கண்ணில் வந்தது. ஆனாலும் எனக்கு வந்தது வெட்கம்தான். பெரிய மனிதர் ஒருவரைத் துணியில்லாமல் பார்த்துவிட்ட மாதிரி ஒரு வெட்கம்.

"மக்காசர்ல என் தம்பி ஆபீஸ் இருக்கு," என்றார் ஐயா, கெஞ்சுகிற குரலில். "அவளுக்கு நல்ல வேலையா..."

"அவ வேலை கேக்கலை ஐயா. பேரைத் திருப்பிக் கேக்கறா."

"என் கையெழுத்தை அவ கண்டுபிடிச்சிருப்பாளா?"

"சின்ன வயசுல ஓய்வுநாள் பள்ளியில அவளுக்கு எழுத்து சொல்லிக் குடுத்தது யாரு?"

"நான்தான்," என்றார் ஐயா. பிறகு, "தெரிஞ்சும் ஏன் சொல்லலை?" என்றார்.

"உங்க தலை குனியறதைப் பார்க்க அவளுக்கு மனசு வரலை. நீங்க மட்டும் அவ தலை குனியறதைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க," என்றாள் அக்கா. அவள் குரல் உடைந்தது. "நானும்தான் உக்காந்திருந்தேன். நான் போலீசுக்குப் போகலை, யார்கிட்டயும் வாயைத் திறக்கப் போறதில்லை, ஞாயித்துக்கிழமை ஆராதனை ஆரம்பிக்கற வரைக்கும். அதுக்கப்புறம் நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

•

ஞாயிற்றுக்கிழமை பெரிய சர்ச்சில் மூச்சுவிட இடமில்லை. வேதம் கேட்க வராதவன்கூட வேடிக்கை பார்க்க வந்திருந்தான். அகுஸ்தினா தூணுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்தாள். அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முன் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

சபை மூப்பர் டாமரிஸின் பெயரைக் கூப்பிட்டார். அவள் எழுந்து நடந்தாள். அந்த இடத்தில் போய் நின்றாள். முகத்தை மூடவில்லை, அழவில்லை, தரையை மட்டும் பார்த்தாள். சகேயு ஐயா மேடையில் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூப்பர் கண்டனத்தைப் படிக்கத் தொடங்கினார். ஐயா அசையவில்லை.

எழுந்திரும் ஐயா, எழுந்திரும் என்று நான் பல்லைக் கடித்தேன். அக்கா பெஞ்சின் விளிம்பைப் பிடித்து எழப்போனாள்.

அதற்குள் பின்னாலிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. பிலேமோன் ஐயா! கைக்குட்டையில் சுற்றிய எதையோ ஏந்திக்கொண்டு நடுவழியில் வந்தார். மூப்பர் படிப்பதை நிறுத்தினார். பிலேமோன் ஐயா நேராகப் போய்த் திருவிருந்து மேஜைமேல் கைக்குட்டையைப் பிரித்தார்.

புகையில் கறுத்த கோழிக்கால். சர்ச் முழுக்க ஒரு 'ஹா' எழுந்து அடங்கியது. அது என்னவென்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இது என் அடுப்பு மேல இருந்தது," என்றார் பிலேமோன் ஐயா.  "ஜெயிச்சது நான். என்னை நிறுத்துங்க. இந்தப் பொண்ணுக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்லை."

போய் டாமரிஸுக்குப் பக்கத்தில் நின்றார்.

"தோத்தவன் யாரு?" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

சகேயு ஐயா எழுந்தார். மேடையிலிருந்து இறங்குகிற அந்தச் சில படிகளை அவர் தடுமாறி இறங்கிய விதத்தைச் சிங்கமும் ராஜாவும் பார்த்திருக்கக் கூடாது. அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வந்தவர், அவள் எதிரே நின்றார்.

"நான்," என்றார். "சேவல் விட்டதும் நான்தான், வார்த்தையை மாத்தினதும் நான்தான். இவ மேல பழி விழுந்தப்ப பார்த்துக்கிட்டு இருந்ததும் நான்தான். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. தெரியலைன்னு எழுதியிருந்தா முடிஞ்சிருக்கும். அதைச் சொல்ல ரெண்டு பேருக்கும் வெட்கம்." பிறகு அவளிடம் சொன்னார்: "அம்மா டாமரிஸ், என்னை மன்னிச்சிடு."

அகுஸ்தினா வாய்விட்டு அழுதாள். முன்வரிசையில் நவோமி அம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். குரூப்பில் டாமரிஸைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேடினார்கள்.

டாமரிஸ் முதல்முறையாக நிமிர்ந்தாள். அவ்வளவு உயரத்தை அண்ணாந்து பார்த்தாள். கன்னத்தில் நீர் வழிந்தது.

"நீங்க இங்க நிக்கறதை என்னால பார்க்க முடியலை ஐயா," என்றாள். "ஆனா உக்காருங்கன்னு சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது, காணிக்கை எடுத்து முடிந்தது. இரண்டு போதகர்களும் கடைசி வரைக்கும் அங்கேயே நின்றார்கள். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.